நேராக வாசிக்க

சனிக்கிழமை போகாதே, அங்கயற்கண்ணி.
சனிக்கிழமை அந்தத் தெரு முழுக்க
ஒயின் குடித்துச் சிவந்த சான் அன்டோனியோக்காரர்கள்.
செவ்வாயில் போ.
செவ்வாய் ஆகாது என்பார் உன் மாமியார்.
ஆகும். பார்க்கிங் கிடைக்கும்.

ஆஸ்டினிலிருந்து மேற்கே எண்பது மைல்.
வழியில் ஸ்டோன்வால், சாலையோரம் பீச் பழக்கடைகள்.
போகும்போது நிறுத்தாதே.
திரும்பும்போது நிறுத்தவேண்டும்,
காரணம் பிறகு.

ஃபிரெடரிக்ஸ்பர்க் வந்ததும்
குறுக்குத் தெருக்களின் பலகைகளைப்
பிள்ளைகளைப் பார்க்கச் சொல்.
முதலெழுத்துகளைக் கோத்தால் ஒரு வாசகம்:
ஆல் வெல்கம். எல்லோரும் வருக.
ஆனால் நம்மைப்போல் கிழக்கிலிருந்து நுழைந்தால்
ஈகிள், மெஸ்கீட், ஆலிவ் என்று
வாலிலிருந்து தலைக்குத்தான் கிடைக்கும்.
குழம்புவார்கள். விடு.
நானும் நான்கு வருடம் குழம்பினேன்.

எட்டுப்பட்டையாக ஒரு கட்டடம் நிற்கும்,
காபி மில் என்று கேலிப்பெயர்.
பழசு இல்லை.
பழசை இடித்து, பிறகு மனசு கேட்காமல்
அதே மாதிரி இன்னொன்று கட்டிவைத்தார்கள்.
அந்தக் கேட்காத மனசு பிடித்துப்போய்
பக்கத்து பெஞ்சில்தான் என் எலுமிச்சைச் சாதம்.

சந்துகளில் தேடினால்
ஞாயிற்றுக்கிழமை வீடுகள்.
தீப்பெட்டி அகலம், மாடிப்படி வெளிப்பக்கம்.
தொலைவில் பண்ணை வைத்திருந்தவர்கள்
சனியன்று வண்டி கட்டி வந்து
சாமான் வாங்கி, ஜெபித்து, தூங்கி
கிளம்பிப் போவதற்கென்றே கட்டியவை.
இரண்டு நாள் வாழ ஒரு முழு வீடு.
என் விசாவை அடித்தவருக்கும்
இதே அளவுகோல்தான் இருந்திருக்கும்.

சவர்கிராட் வாங்கினால்
முட்டைக்கோஸ் என்று நினைக்காதே,
ஊறுகாய் என்று நினை, இறங்கும்.
கைப்பையில் மாவடு வைத்துக்கொள்.
உருளைக்கிழங்கு அடை வந்ததும்
சர்வர் திரும்பிய நேரம் பார்த்து ஒன்று.

மந்திரப் பாறை ஏறுவதானால் முன்பதிவு செய்,
விடியலில் போ.
பத்து மணிக்கு அது பாறை இல்லை,
எண்ணெய் தடவாத தோசைக்கல்.

இனி ஸ்டோன்வால்.
பச்சைத் தகரக் கூரை, கையெழுத்துப் பலகை.
டார்லா பெரண்ட்ஸ் என்று கேள்.
என் வயதுதான், குரல் மட்டும் டிராக்டர்.
உமையாள் என்றேன் முதல் நாள்;
உம்லாட்டா என்று சிரித்து
கடன் நோட்டில் என் பெயர்மேல்
இரண்டு புள்ளி வைத்தாள்.
நமக்குப் புள்ளி வைத்தால் எழுத்து மெய்யாகும்,
அவர்களுக்கு வாய் குவியும் என்று
எப்படியோ விளக்கினேன்.
அரைப் பெட்டி பழம் இலவசம்.

மீதிக்குத்தான் நாற்பது டாலர் பாக்கி.

லேபில் ஆள் குறைத்தார்கள்.
அறுபது நாள், அதற்குள் வேறு வேலை
அல்லது விமானம்.
ஐம்பத்தெட்டாம் நாள், விடியற்காலை நான்கு மணி,
இரண்டு பெட்டி, ஒரு குக்கர்.
ஏர்போர்ட் கிழக்கே.
ஆடம்ஸ், லானோ, லிங்கன், வாஷிங்டன்,
எல்க், லீ, கொலம்பஸ்...
ஹெட்லைட்டில் ஒவ்வொன்றாய் எழுந்து
முதல்முறையாக வரிசை மாறாமல் வந்தது:
எல்லோரும் வருக.
கிளம்புகிறவர்களுக்குத்தான் அது நேராகத் தெரிகிறது.

மேற்குப் பக்கத் தெருக்களிலும் ஒரு வாசகம் உண்டு,
கம் பேக்.
நாம் போகிறேன் என்று சொல்லமாட்டோமே,
போயிட்டு வரேன் என்போமே, அது.
அந்தப் பக்கம் போக அன்று எனக்கு வழியில்லை.
ஸ்டோன்வாலில் கடை மூடியிருந்தது.
போயிட்டு வரேன் என்று
தகரத்திடம் சொல்ல முடியுமா?

பணத்தை அவள் வாங்கமாட்டாள்.
மேசைமேல் வைத்துவிடு.
நோட்டு இருந்தால் என் பக்கத்தைப் போட்டோ எடு,
பீளமேட்டில் வாட்ஸ்அப் எடுக்கும்.
நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால்
அதே வேலைதான், அதே ரத்தம் என்று சொல்.

உனக்கும் ஒரு பெட்டி வாங்கு.
பழத்தை அமுக்கிப் பார்க்காதே,
திட்டுவாள்.
காம்புப் பக்கம் முகர்ந்து பார்.